அக்கரையிலிருந்து ஓர் அழைப்பு

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் எலக்ட்ரானிக்ஸ் பிரிவு, 2011-இல் வெளியே போனவன். தொலைத்தொடர்புத் துறையில் வேலை. செயலாளர் அண்ணன் போன் செய்து, "செயற்கை நுண்ணறிவு பத்திப் பேசுப்பா, பசங்க விரும்புவாங்க" என்றார். அதைப் பேச இந்த ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். என்னிடம் நம் கல்லூரி நண்பர்கள் வருஷம் முழுக்கக் கேட்கிற கேள்வி வேறு. "மச்சான், அடுத்த வாரம் சிங்கப்பூர் போறேன், போனுக்கு என்ன பண்றது?" "தம்பி, அம்மா தனியா அமெரிக்கா வர்றாங்க, வழியில எப்படிப் பேசுவாங்க?" எனவே அதையே பேசுகிறேன் என்றேன். அண்ணன் கொஞ்சம் யோசித்து, "சரி, ஆனா புரியற மாதிரி பேசு" என்று விட்டுவிட்டார்.

இது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் பட்டு நெய்கிற வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா தறியில் உட்கார்ந்தால் ஒரு பிள்ளை வளைகுடாவில், இன்னொன்று சிங்கப்பூரில், மருமகள் டல்லாஸில். பிள்ளையார்பாளையத்தில் அப்படி எத்தனை வீடுகள் என்று உங்களுக்கே தெரியும். அந்த வீடுகளை இன்று கட்டி வைத்திருப்பது போன்தான். இன்னொரு பெருமையும் உண்டு. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தது. 2014 நவம்பரில் அது மூடியது பலருக்கு வயிற்றில் அடித்த செய்தி. இன்று அதே வட்டாரத்தில் ஐபோன் செய்கிறார்கள். உலகத்துக்கே போன் செய்து அனுப்புகிற மாவட்டத்து ஆட்கள் நாம். ஆனால் அந்தப் போனோடு விமானம் ஏறினால் என்ன செய்வதென்று முழிக்கிறோம்!

கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருகிறேன். இளையவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏன் இத்தனை நாள் விலை அதிகமாக இருந்தது என்று தெரிந்தால்தான் இன்று எங்கே ஏமாறுவோம் என்று தெரியும்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, 1998 வாக்கில், பெரியம்மாவின் மகன் மஸ்கட்டில் இருந்தார். எங்கள் தெருவில் போன் இருந்தது ஒரே வீட்டில். மற்றவர்கள் எல்லாம் அந்த எண்ணைத்தான் 'பி.பி. நம்பர்' என்று போட்டுக் கல்யாணப் பத்திரிகை அடிப்பார்கள். காஞ்சிபுரத்துக்கு அப்போது 04112 என்று தனி எஸ்.டி.டி. எண். சென்னையின் 044-இல் நாம் சேர்ந்தது பிறகு. அண்ணன் அங்கிருந்து கூப்பிட்டால் பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வருவான். அவசரத்துக்கு நாம் கூப்பிட வேண்டுமென்றால் காந்தி ரோட்டுப் பக்கம் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. கடை. கண்ணாடிக் கூண்டுக்குள் பெரியம்மா. வெளியே நான். தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ரூபாய் ஓடும். வெளிநாட்டுக்கு ஒரு நிமிடம் பேச ஐம்பது ரூபாயைத் தாண்டிய காலம் அது. பெரியம்மா எழுதி வைத்துப் படிப்பது போல வேகமாகச் சொல்லி முடித்துவிட்டு, "வெச்சிடறேம்பா" என்பார். அழுவது வெளியே வந்த பிறகுதான். கூண்டுக்குள் அழுதால் அதற்கும் காசு ஆகுமே.

அந்த ஐம்பது ரூபாய் கம்பிக்கு ஆன செலவா? இல்லை. வெளிநாட்டு அழைப்புகளுக்கு நாடுகளுக்குள் ஒரு கணக்கு உண்டு. அழைப்பைத் தொடங்குகிற நாட்டு நிறுவனம், பெற்றுக்கொள்கிற நாட்டு நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வரும் அழைப்பு, இங்கிருந்து போவதைவிட அதிகம். ஆகவே டாலர் இந்தப் பக்கம் ஓடி வந்தது. 1986-இல் தொடங்கப்பட்ட விதேஷ் சஞ்சார் நிகாம், அதாவது வி.எஸ்.என்.எல்., இந்த வாசலில் ஒரே காவல்காரனாக நின்றது. போட்டி கிடையாது, டாலரும் வருகிறது, விலை எப்படிக் குறையும்? 1997-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., தன் நாட்டு நிறுவனங்கள் ஏழை நாடுகளுக்கு நிமிடத்துக்கு 23 சென்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்தது. 2002 ஏப்ரல் 1 அன்று வி.எஸ்.என்.எல். தனியுரிமை முடிந்தது. அதே நாளில் இணையம் வழியாகப் பேசுவதற்கும் சட்டம் வழிவிட்டது. அதே ஆண்டில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கடலடிக் கண்ணாடி இழை வடம் ஒன்று வேலைக்கு வந்தது. பிறகு விலை மளமளவென்று சரிந்தது.

இந்த இடைக்காலத்தில் நம் ஆட்கள் செய்த சாமர்த்தியங்களை ஒரு புத்தகமாகவே போடலாம். 'கால்பேக்' என்று ஒன்று இருந்தது. அமெரிக்காவில் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுப்பது. அந்த இயந்திரம் திருப்பிக் கூப்பிட்டு அமெரிக்க டயல் டோனைக் கையில் தரும். விலை அமெரிக்க விலை! நம் அரசு அதைத் தடை செய்திருந்தது. வளைகுடாவில் சுரண்டும் அட்டைகள். பின்னால் இருக்கும் எண்ணைச் சுரண்டி, பதினைந்து இலக்கம் அடித்து, அப்புறம் ஊர் எண்ணை அடிக்க வேண்டும். 2003-இல் ஸ்கைப் வந்தது. பிரௌசிங் சென்டரில் தலையில் ஹெட்போன் மாட்டி, "கேக்குதா? கேக்குதா?" என்று கத்தியே பாதி நேரம் போகும். அந்த ஸ்கைப்பும் 2025 மே மாதத்தோடு கடையை மூடிவிட்டது. 2015-இல் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு, 2016-இல் காணொளி அழைப்பு. அதே 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையை உடைத்தது. பிறகு பெரியம்மா மாதிரி யாரும் அழுகையை அடக்கி வைக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பழைய தொலைபேசியில் உங்கள் குரல் நொடிக்கு 64 கிலோபிட். இன்றைய செயலிகள் அதைவிட நன்றாகச் சுருக்குகின்றன. போவது வருவது இரண்டும் சேர்த்து நிமிடத்துக்கு அரை எம்.பி. என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு ஜி.பி.யில் முப்பது மணி நேரத்துக்கு மேல் பேசலாம். காணொளி என்றால் அதைப் போலப் பல மடங்கு. ஆகையால் வெளிநாட்டில் மலிவாகப் பேசுவது என்றால், 'நிமிடம்' வாங்காமல் 'டேட்டா' வாங்குவது என்று அர்த்தம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் சுலபம்.

சரி, விமானம் ஏறுவோம். உங்கள் இந்திய சிம்மோடு சிங்கப்பூரில் இறங்குகிறீர்கள். போன் அங்கே ஒரு நிறுவனத்தின் கோபுரத்தைப் பிடிக்கிறது. அந்த நிறுவனம் கடல் கடந்து நம் ஊர் நிறுவனத்தின் பதிவேட்டைக் கேட்கிறது: "இவர் உங்க ஆள்தானா? செலவுக்குப் பொறுப்பேற்பீங்களா?" "ஆமாம்" என்று பதில் போனதும் சிக்னல் வருகிறது. இதுதான் ரோமிங்.

இப்போது காஞ்சிபுரத்திலிருந்து அம்மா உங்களைக் கூப்பிடுகிறார். அவருக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, உள்ளூர் அழைப்புதான். தபால்காரர் வீடு மாறிப் போனவருக்குக் கடிதத்தை ரீடைரக்ட் செய்வது போல, நம் நிறுவனம் அந்த அழைப்பைச் சிங்கப்பூருக்குத் தள்ளிவிடுகிறது. அந்தத் தள்ளுகூலி யார் தலையில்? உங்கள் தலையில்! "இன்கமிங்குக்கு எதுக்குய்யா காசு?" என்று சண்டை போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். நம் கம்பெனி ஆட்கள் இருவர் ஒரே ஓட்டலில், ஒருவர் ஏழாவது மாடி, மற்றவர் ஒன்பதாவது மாடி. இருவரிடமும் இந்திய சிம். "டிபன் சாப்பிட வர்றியா?" என்று ஏழாவது மாடிக்காரர் கூப்பிடுகிறார். அந்தக் குரல் சிங்கப்பூரிலிருந்து கடலடியில் இந்தியாவுக்கு வந்து, பதிவேட்டைப் பார்த்து, திரும்பவும் கடலடியில் சிங்கப்பூருக்குப் போய், இரண்டு மாடி மேலே மணி அடிக்கிறது. கூப்பிட்டவருக்கு இந்தியாவுக்குப் பேசிய செலவு, எடுத்தவருக்கு இன்கமிங் செலவு. பேக் எதுவும் போடாமல் போனால் நிமிடத்துக்கு நூறு ரூபாயைத் தாண்டும் நாடுகளும் உண்டு. படியேறிப் போய்க் கதவைத் தட்டலாம், உடம்புக்கும் நல்லது.

அப்படியானால் என்ன செய்வது? நாலைந்து நாள் வேலைப் பயணம் என்றால் நம் ஊர் நிறுவனத்தின் ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போய்விடுங்கள். நாட்டையும் நாளையும் பொறுத்துச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை ஆகும். மலிவு இல்லைதான், ஆனால் இறங்கியதும் வேலை செய்யும். பிரீபெய்டாக இருந்தால் எனக்கு இன்னும் திருப்தி. காசு தீர்ந்தால் போன் நிற்கும், வீடு வந்து பில் அடிக்காது. வாங்கும்போது அந்த நாடு பட்டியலில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் அந்த ஊர் சிம்களுக்கு ரோமிங் கட்டணம் கிடையாது. ஜெர்மனியில் வாங்கிய சிம்மை பிரான்சில் அதே விலைக்குப் பேசலாம். ஆனால் நடுவில் இருக்கும் சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. ரயில் அந்த எல்லையைத் தாண்டும்போது போனை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலிலும் விமானத்திலும் தனியாகச் செயற்கைக்கோள் வழி நெட்வொர்க் வைத்திருப்பார்கள். அது போனில் ஒட்டிக்கொண்டால் விலை வேறு ரகம். ஏறியதும் ஏரோப்ளேன் மோடு.

பத்து நாளைக்கு மேல் என்றால் அந்த ஊர் சிம் வாங்குங்கள், அல்லது போகுமுன்னே இ-சிம் போட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள், கொடுங்கள். விமான நிலையக் கடையைவிட ஊருக்குள் இருக்கிற கடையில் பெரும்பாலும் விலை குறைவு. இரண்டு சிம் போன் என்றால் இந்திய சிம் முதல் இடத்தில் இருக்கட்டும், அதற்கு டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் தூங்கும்போது அது போட்டோக்களை எல்லாம் மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். டேட்டா எல்லாம் இரண்டாவது சிம்மில். வாட்ஸ்அப் உங்கள் பழைய இந்திய எண்ணிலேயே ஓடும், வீட்டார் எதையும் மாற்ற வேண்டாம். இந்திய சிம்மின் வேலை ஓ.டி.பி. வாங்குவது மட்டும். வெளிநாட்டில் வருகிற எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஆனால் ரோமிங் சேவையைப் புறப்படுமுன் திறந்து வைத்திருக்க வேண்டும். அங்கே போய்த் திறக்கலாம் என்றால், திறப்பதற்கே ஓ.டி.பி. கேட்கும்! பூட்டிய பெட்டிக்குள் சாவி வைத்த கதைதான்.

இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை விடுங்கள். 2025 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற செயலிகள் பதிவு செய்த சிம்மோடு தொடர்ந்து பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. சிம் போனிலேயே இருந்தால் வம்பில்லை.

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, நம் கல்லூரிதான், மேற்படிப்புக்கு ஐரோப்பா போனான். பகுதி நேர வேலை, கையில் காசில்லை. இந்திய எண்ணுக்கு ரீசார்ஜ் எதற்கு என்று விட்டுவிட்டான். மாதங்கள் போயின. எண் ரத்தாகி, வேறு யாருக்கோ போய்விட்டது. கல்விக் கடன் கணக்கு, ஆதார், வரிக் கணக்கு எல்லாம் அந்த எண்ணில். தவணை கட்டுகிற அப்பா இங்கே தறியில் உட்கார்ந்திருக்கிறார், வங்கியிலிருந்து வரும் செய்தி யாரோ ஒருவர் போனுக்குப் போகிறது. லீவில் வந்தபோது வங்கிக் கிளைக்கும் ஆதார் மையத்துக்கும் அலைந்தே அவனுக்குப் பாதி விடுமுறை முடிந்தது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லையென்றால் எண்ணை நிறுத்தலாம் என்பது விதி. பிரீபெய்டில் குறைந்தது 20 ரூபாய் இருப்பு இருந்தால் எண்ணைத் தக்கவைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் பேக் முடிந்தால் இன்கமிங் நின்றுவிடும் என்பதால் அதை நம்பி உட்காராதீர்கள். சிறிய பேக்காகப் போட்டு எண்ணை உயிரோடு வையுங்கள். அங்கேயே நிலையாகத் தங்கியவர்களுக்கு ஒரு வசதி: 2023 ஜனவரியில் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குக்காரர்கள் பத்து நாடுகளின் எண்களைக் கொண்டு யு.பி.ஐ. பயன்படுத்த அனுமதி வந்தது. சிங்கப்பூர், அமெரிக்கா, அமீரகம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம். பேச மட்டும் முடியாது, தடுத்து வைத்திருக்கிறார்கள். அனுமதி பெற்ற 'போட்டிம்' போன்ற செயலிகளில்தான் பேச வேண்டும். ஆகவே போகுமுன் வீட்டில் அம்மா போனிலும் அதைப் போட்டு, இரண்டு முறை பேசிப் பழக்கிவிட்டுப் போங்கள். பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அம்மாவுக்குப் போனில் வகுப்பெடுப்பது ஆகாத காரியம். "வி.பி.என். போட்டா பேசலாம்" என்று கேம்பில் யாராவது சொல்வார்கள். குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ வி.பி.என். பயன்படுத்தினால் அந்த ஊர்ச் சட்டத்தில் அபராதமே ஐந்து லட்சம் திர்ஹாமிலிருந்து தொடங்குகிறது. மாதம் இரண்டாயிரம் திர்ஹாம் வாங்குகிறவர் எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும் என்று வகுத்துப் பாருங்கள். சவுதி 2017 செப்டம்பரில் இணைய அழைப்புகளுக்கு வழிவிட்டது. சீனாவில் வாட்ஸ்அப்பே கிடையாது. ஆனால் இந்திய சிம்மின் ரோமிங் டேட்டா பொதுவாக இந்தியா வந்துதான் இணையத்தில் நுழைகிறது என்பதால், அங்கே ரோமிங் பேக் போட்டவருக்கு வாட்ஸ்அப் கிடைக்கும், உள்ளூர் சிம் வாங்கியவருக்குக் கிடைக்காது. எல்லா இடத்திலும் உள்ளூர் சிம்தான் சரி என்று நான் சொல்லாததற்கு இது ஒரு காரணம்.

இனி, இன்று நான் பேச வந்ததற்கு முக்கியக் காரணம். நம் ஊரிலிருந்து தனியாக விமானம் ஏறுகிறவர்களில் எம்.எஸ். படிக்கப் போகிறவர்களைவிட எனக்குக் கவலை தருகிறவர்கள் மகளின் பேறுகாலம் பார்க்கப் போகிற அம்மாக்கள். ஒரு கையில் பிரசவ மருந்துப் பொடி, மறுகையில் பருப்புப் பொடி, வாயில் இங்கிலீஷ் இல்லை. எங்கள் அத்தை அப்படிப் போனார். சென்னையில் விமானம் தாமதம். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் மாறி ஏற வேண்டும், அடுத்த விமானம் போய்விட்டது. அடுத்தது பத்தொன்பது மணி நேரம் கழித்து. அத்தையிடம் இருந்தது பழைய பட்டன் போன், ரோமிங் கிடையாது. அங்கே மகள் விமான நிலையத்தில் காத்திருந்து, அம்மா வரவில்லை என்று பதறுகிறாள். அவளுக்கு ஒன்பதாம் மாதம். இங்கே மாமா தறிக்கும் வாசலுக்கும் நடக்கிறார். விசாரணைக் கவுண்டரில் எதையோ சொல்லி ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அத்தை ஒரு தூணோரம் உட்கார்ந்துவிட்டார். தள்ளுவண்டிகளைச் சேர்த்துக்கொண்டு போன பையன் ஒருவன் இவர் புடவைக் கட்டையும் மஞ்சள் கயிற்றையும் பார்த்து, "ஊர் எதும்மா?" என்றானாம். ராமநாதபுரம் பக்கத்துப் பையன். தன் போனைக் கொடுத்து, "நம்பர் சொல்லுங்கம்மா" என்றான். இங்கேதான் சிக்கல். மகள் எண் பட்டன் போனுக்குள். போனில் சார்ஜ் இல்லை. அத்தைக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று, முப்பது வருஷமாக மாறாத வீட்டு லேண்ட்லைன். அதற்கு முன்னால் என்ன போட வேண்டும் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. மாமா எடுத்தார். மாமா மகளுக்குச் சொன்னார். நாலு நிமிடத்தில் மூன்று நாடுகளில் மூன்று பேருக்கு மூச்சு வந்தது. பையன் காசு வாங்க மறுத்துவிட்டானாம். அத்தை பருப்புப் பொடியில் ஒரு பாக்கெட்டைக் கையில் திணித்துவிட்டு வந்தார்.

ஆறு மாதம் கழித்து அவர் திரும்பும்போது ஏற்பாடு என் பொறுப்பு. என்ன செய்தேன் என்று சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கும் ஆகும். முதலில் பட்டன் போனை ஓய்வில் வைத்தோம். பழைய 2ஜி போன் இப்போது பல நாடுகளில் பொம்மைதான். சிங்கப்பூர் 2017-இல் 2ஜியை நிறுத்தியது, 2024-இல் 3ஜியையும் நிறுத்தியது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-க்குள் 3ஜியை மூடிவிட்டன. ஆஸ்திரேலியா 2024-இல். இங்கே நன்றாகப் பேசுகிற போன் அங்கே கோபுரமே இல்லாமல் நிற்கும். சின்ன ஸ்மார்ட்போன் ஒன்று வாங்கினாள் மகள். இந்திய சிம்முக்கு ரீசார்ஜும் ரோமிங் பேக்கும் நான் இங்கிருந்தே போட்டேன். இடையில் இறங்கும் நாடும் பேக்கில் உண்டா என்று பார்த்தோம். பலர் போய்ச் சேரும் நாட்டை மட்டும் பார்த்துவிட்டு நடுவில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். எண்கள் எல்லாவற்றையும் +91, +1 என்று கூட்டல் குறியோடு பதிவு செய்தோம். அப்படி இருந்தால் எந்த நாட்டிலிருந்து தொட்டாலும் சரியான இடத்தில் மணி அடிக்கும்.

மகள் ஒரு வாரம் தினமும் அத்தையை மாடியில் உட்காரவைத்து, தான் கீழே இருந்து, "நீயே எடுத்துப் பேசும்மா" என்று பழக்கினாள். கடைசியாக ஒரு அட்டையில் நாலு எண்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாஸ்போர்ட்டோடு. சார்ஜ் போனால் அட்டை பேசும். திரும்பி வரும் வழியில் அத்தை மூன்று முறை கூப்பிட்டார். இரண்டு முறை இறங்கிவிட்டேன், ஏறிவிட்டேன் என்று. மூன்றாவது, அங்கே ஒரு இட்லி விலையைச் சொல்லித் திட்டுவதற்கு. பேக்கில் நிமிடம் மிச்சம் இருந்ததால் திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று சொல்லாமல் இறங்கக் கூடாது. அழைப்பு மலிவானது நமக்கு மட்டும் இல்லை, திருடனுக்கும்தான். வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டுவிட்டு இந்திய எண் போலக் காட்டுகிற மோசடி பெருகியது. அதைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஒரு அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்திலேயே ஏறக்குறைய 1.35 கோடி அழைப்புகளை அது தடுத்ததாக அறிவித்தார்கள். எண்ணிக்கையைப் பாருங்கள்! ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு, "உங்க பையன் வெளிநாட்டுல மாட்டிக்கிட்டான், பணம் அனுப்புங்க" என்று வருகிற அழைப்புகள் இந்த வகை. பையனோடு பேசுவது விலை அதிகமாக, மாதம் ஒரு முறையாக இருந்தால், அவர்கள் பதறிப் பணம் அனுப்பிவிடுவார்கள். தினமும் பேசுகிற வீட்டில், "இரு, அவனையே கேக்கறேன்" என்று வைத்துவிட்டு உடனே அவனைக் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு ரகசிய வார்த்தையும் வைத்திருக்கிறோம். அது என்னவென்று மேடையில் சொல்ல முடியாது, எங்கள் குலதெய்வத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

"மலிவா ஒரு நம்பர் இருக்கு சார், துபாயிலிருந்து பேசினா ஊர்ல லோக்கல் நம்பர் விழும்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். நூற்றுக்கணக்கான சிம்களை ஒரு பெட்டியில் செருகி, வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் கொண்டுவந்து உள்ளூர் அழைப்பாக மாற்றுகிற திருட்டு இணைப்பகம் அது. வெளிநாட்டு அழைப்பை முடித்து வைக்க நம் நிறுவனங்களுக்கு வர வேண்டிய கட்டணம், 2018-இல் நிமிடத்துக்கு 53 காசிலிருந்து 30 காசாகக் குறைக்கப்பட்டது. அந்தக் காசுகளைத் திருடித்தான் அந்தப் பெட்டி ஓடுகிறது. இதில் வாடகைக்கு அறை கொடுத்தவர்கள், தன் பெயரில் சிம் வாங்கித் தந்தவர்கள் வீட்டுக்கும் போலீஸ் வரும். மாணவர்கள் ஐந்நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு யாருக்கும் சிம் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சமையல்கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வந்துவிட்டது. செயலாளர் அண்ணனும் இரண்டு முறை மணி பார்த்துவிட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது மாடியில் எங்கள் பழைய லேபில் நாலு மணி வரை உட்கார்ந்திருப்பேன். இந்த வருஷம் வெளிநாடு போகிறவர்கள், அம்மா அப்பாவை அனுப்புகிறவர்கள், அந்தப் போனையே கையோடு கொண்டு வாருங்கள். எந்த நாடு, எத்தனை நாள், நடுவில் எங்கே இறங்குகிறார்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தால் வேலை சீக்கிரம் முடியும். சார்ஜர் மறக்க வேண்டாம், அந்த லேபில் வேலை செய்கிற பிளக் பாயிண்ட் இரண்டுதான். எங்கள் காலத்திலிருந்தே அப்படி.